நடந்தால் மட்டும் போதுமா? – தசை இறுக்கும் சப்பாத்துகளின் கதை

கஷ்டப்படாமல் பலன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், ஒரு நிமிடமாவது நின்று கேட்காதவர்கள் நம்மில் மிகவும் குறைவு. உணவைக் குறைக்காமல் மெலிவதற்கு ஒரு தேயிலை, வெயிலில் திரிந்தாலும் கறுக்காமல் இருக்க ஒரு கிறீம், பாடத்தைப் படிக்காமலே சித்தியடைய ஒரு மாதிரி வினாத்தாள் என்று நம்மைச் சுற்றி இப்படியான வாக்குறுதிகள் ஏராளம். அந்த வரிசையில் சுமார் பதினைந்து வருடங்களுக்கு முன்னர் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியவைதான் தசை இறுக்கும் சப்பாத்துகள். ஆங்கிலத்தில் இவற்றை டோனிங் ஷூஸ் என்பார்கள்.

"இந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வழமைபோல நடவுங்கள். கடைக்குப் போங்கள், வேலைக்குப் போங்கள். உங்கள் கால் தசைகள் தாமாகவே இறுகும், எடை குறையும்." விளம்பரங்கள் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான சப்பாத்துகள் இந்தப் பேச்சை நம்பி வாங்கப்பட்டன. பின்னர் அந்தப் பேச்சு விஞ்ஞானத்தின் முன்னும் சட்டத்தின் முன்னும் நிறுத்தப்பட்டது. உயர்தர உயிரியல் வகுப்பில் தசைகளைப் பற்றிய பாடத்தைப் படித்தபோதுதான் இந்தக் கதையை முழுமையாகத் தேடிப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. அதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு காரணமும் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

வயல் வரம்பில் பிறந்த யோசனை

சாதாரண சப்பாத்தின் அடிப்பாகம் தட்டையானது, உறுதியானது. தசை இறுக்கும் சப்பாத்தின் அடிப்பாகமோ வேண்டுமென்றே உறுதியில்லாமல் செய்யப்பட்டது. ஒரு வகையில் அடிப்பாகம் படகின் அடியைப் போல முன்னும் பின்னும் வளைந்திருக்கும். நின்றால் கால் இலேசாக ஆடும். இன்னொரு வகையில் குதிக்கும் முன்பாதத்துக்கும் கீழே காற்று நிரம்பிய குமிழ்கள் இருக்கும். அடி வைக்கும்போது காற்று அங்கும் இங்கும் நகர்வதால் பாதம் சற்றுத் தளம்பும். இந்தத் தளம்பலைச் சமாளிப்பதற்குத் தசைகள் கூடுதலாக வேலை செய்யும், கூடுதலாக வேலை செய்யும் தசை பலமடையும் என்பதே இவற்றின் பின்னாலுள்ள கோட்பாடு.

இந்த யோசனையை முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் முல்லர் என்ற பொறியியலாளர். அவர் கொரியாவில் வாழ்ந்த காலத்தில், வயல்களின் மென்மையான சேற்று நிலத்தில் வெறுங்காலுடன் நடந்தபோது தனது உடல் நோவு குறைவதை உணர்ந்தார் என்பது அந்தச் சப்பாத்தின் பிறப்புக் கதை. கிழக்கு ஆபிரிக்காவின் மசாய் மக்கள் வெறுங்காலுடன் நிமிர்ந்து நடப்பதும் அவரைக் கவர்ந்தது. நகரத்துச் சீமெந்துத் தரையிலும் மென்மையான நிலத்தில் நடப்பது போன்ற உணர்வைத் தரும் சப்பாத்தொன்றை அவர் வடிவமைத்தார். 1996ஆம் ஆண்டு அது எம்.பீ.ரீ. என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 'மசாய் வெறுங்கால் தொழினுட்பம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அது.

இங்கே சற்று நின்று யோசித்துப் பார்ப்போம். மசாய் மக்களின் கால்களுக்குப் பலம் கொடுத்தது எது? அவர்கள் மிதிக்கும் மண்ணா, அல்லது கால்நடைகளோடு நாள் முழுவதும் அவர்கள் நடக்கும் தூரமா? நம் நாட்டு விவசாயியின் கெண்டைக்கால் உருண்டு திரண்டிருப்பதற்கு வரம்பின் மென்மை காரணமா, வரம்பிலும் சேற்றிலும் அவர் காலை முதல் மாலை வரை செய்யும் வேலை காரணமா? சப்பாத்து நிலத்தின் மென்மையை மட்டுமே நகலெடுத்தது. தூரத்தையும் உழைப்பையும் பெட்டியில் போட்டு விற்க முடியாது. இந்தக் கதையின் முடிச்சு இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

28 வீதம் என்ற மந்திரம்

2009ஆம் ஆண்டில் பெரிய நிறுவனங்கள் களத்தில் இறங்கின. ரீபொக் நிறுவனம் காற்றுக் குமிழ் வைத்த ஈசிடோன் சப்பாத்தையும், ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் வளைந்த அடிப்பாகம் கொண்ட ஷேப்-அப்ஸ் சப்பாத்தையும் வெளியிட்டன. நியூ பலன்ஸ் நிறுவனமும் பின்தொடர்ந்தது. ஒரு சோடி ஈசிடோன் 80 முதல் 100 டொலர் வரையும், ஷேப்-அப்ஸ் சுமார் 100 டொலருக்கும் விற்கப்பட்டன. 2010இல் அமெரிக்காவில் மட்டும் இவ்வகைச் சப்பாத்துகளின் விற்பனை ஏறக்குறைய 100 கோடி டொலரை எட்டியது.

ரீபொக் விளம்பரங்களில் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. சாதாரண சப்பாத்தோடு ஒப்பிடும்போது இடுப்பின் பின்புறத் தசைகளுக்கு 28 வீதமும், தொடையின் பின்புறத் தசைகளுக்கு 11 வீதமும், கெண்டைக்கால் தசைகளுக்கு 11 வீதமும் கூடுதல் பலமும் இறுக்கமும் கிடைக்கும் என்பதே அது. ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் பிரபலங்களைக் கொண்டு வந்தது. 2011இல் அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டு ஒளிபரப்பான சூப்பர் போல் போட்டியின் இடையே வந்த விளம்பரத்தில், தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் தனது உடற்பயிற்சியாளரை வேண்டாமென்று அனுப்பிவிட்டுச் சப்பாத்தைத் தேர்ந்தெடுப்பதாகக் காட்டினார்கள். பயிற்சி வேண்டாம், பயிற்சியாளரும் வேண்டாம், நாடாவைக் கட்டினால் போதும் என்பதே அதன் பொருள்.

மாணவிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. இவ்வகை விளம்பரங்கள் பெரும்பாலும் பெண்களை நோக்கியே செய்யப்பட்டன. 2011இல் சிறுமிகளுக்கான ஷேப்-அப்ஸ் சப்பாத்தும் வெளிவந்தது. ஆண் பிள்ளைகளுக்கு அப்படியொன்று இருக்கவில்லை. ஓடியாடி விளையாடும் வயதுப் பெண் பிள்ளைக்கு "உன் உடம்பு இப்படியிருந்தால் போதாது" என்று ஒரு சப்பாத்து சொல்லித் தரத்தான் வேண்டுமா? அமெரிக்கத் தாய்மார் பலர் அப்போதே இதைக் கண்டித்தார்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

28 வீதம் என்று கேட்டவுடன் நூற்றுக்கணக்கான பெண்களைப் பல மாதங்கள் சோதித்து, அவர்களின் தசைப் பலத்தை அளந்து பெற்ற முடிவு என்றே எவரும் நினைப்பர். உண்மையில் அந்தப் பரிசோதனையில் பங்குபற்றியவர்கள் ஐந்து பேர். அவர்கள் ஓடுபொறி மீது 500 அடிகள் நடந்தார்கள். ஒரு தடவை ஈசிடோனுடன், ஒரு தடவை சாதாரண சப்பாத்துடன், ஒரு தடவை வெறுங்காலுடன். அவ்வளவுதான்.

அப்போது அளக்கப்பட்டது தசையின் பலமும் அல்ல. தசை சுருங்கும்போது அதில் மிகச் சிறிய மின் சமிக்ஞைகள் உண்டாகும். தோலின் மேல் மின்வாய்களை ஒட்டி அந்தச் சமிக்ஞைகளைப் பதிவு செய்வதைத் தசைமின் வரைவு என்பர். ஒரு தசை அந்த நேரத்தில் எவ்வளவு தொழிற்படுகிறது என்பதை அது காட்டும். ஆறு மாதங்களின் பின் அந்தத் தசை பலமடைந்திருக்குமா என்பதை அது காட்டாது. புதிய பேனையொன்றைப் பிடிக்கும்போது விரல்கள் சற்று அதிகமாக வேலை செய்கின்றன. அதனால் கையெழுத்து அழகாகிவிடும் என்று சொல்ல முடியுமா?

வீதக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 28 வீதம் கூடியது என்றால் எதிலிருந்து கூடியது என்று கேட்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, ஒரு தசையின் முழுத் திறன் 100 அலகு என்றும், சமதரையில் நடக்கும்போது அது 10 அலகு மட்டுமே வேலை செய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் 28 வீதம் கூடினால் 12.8 ஆகும். நூறில் 12.8 என்பது அந்தத் தசைக்கு ஒரு பாரமே அல்ல. விளம்பரத்தில் '28' என்று பெரிய எழுத்தில் போட்டால் மலையாகத் தெரிவது, கணக்குப் பார்த்தால் மணல் மேடாகி விடுகிறது.

விஞ்ஞானத்தின் தராசில்

2010ஆம் ஆண்டு அமெரிக்க உடற்பயிற்சிப் பேரவை என்ற அமைப்பு இந்தச் சப்பாத்துகளைச் சுயாதீனமாகச் சோதிக்க விரும்பியது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் லா குரோஸ் வளாக ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். எம்.பீ.ரீ., ஷேப்-அப்ஸ், ஈசிடோன் ஆகிய மூன்றும் ஒரு சாதாரண ஓட்டச் சப்பாத்தோடு ஒப்பிடப்பட்டன.

முதலாவது பகுதியில் 12 இளம் பெண்கள் பங்குபற்றினார்கள். ஒவ்வொரு சப்பாத்தையும் அணிந்து ஓடுபொறியில் ஐந்து நிமிடங்கள் வீதம் நடந்தார்கள். மணிக்கு சுமார் 4.8 கிலோமீற்றர் வேகம், 5.6 கிலோமீற்றர் வேகம், அதே வேகத்தில் ஓர் ஏற்றம் என மூன்று நிலைகள். அவர்களின் ஒட்சிசன் பாவனை, இதயத் துடிப்பு, செலவான கலோரி, அவர்கள் உணர்ந்த களைப்பு ஆகியவை குறிக்கப்பட்டன. இரண்டாவது பகுதியில் வேறு 12 பெண்களின் கெண்டைக்கால், தொடையின் முன்புறம், பின்புறம், இடுப்பு, முதுகு, வயிறு ஆகிய ஆறு இடங்களின் தசைத் தொழிற்பாடு பதிவு செய்யப்பட்டது.

முடிவு என்ன? சாதாரண சப்பாத்துக்கும் தசை இறுக்கும் சப்பாத்துக்கும் இடையில் குறிப்பிடத்தக்க எந்த வித்தியாசமும் இல்லை. இதயம் கூடுதலாகத் துடிக்கவில்லை, கலோரி கூடுதலாகச் செலவாகவில்லை, தசைகளும் கூடுதலாக உழைக்கவில்லை. 24 பேர் என்பதும் சிறிய தொகைதான். என்றாலும் ஐந்து பேரை விட அது பெரியது. அதைவிட முக்கியமாக, சப்பாத்து விற்றால் இலாபமடையும் எவரும் அந்தத் தராசைப் பிடித்திருக்கவில்லை.

தசை எப்படிப் பலமடைகிறது?

தசை நார்களுக்குள் அக்ரின், மயோசின் என்ற இரு வகைப் புரத இழைகள் ஒன்றின் மீது ஒன்று வழுக்குவதால்தான் தசை சுருங்குகிறது என்று படித்திருக்கிறோம். வழமையாகத் தாங்கும் பாரத்தை விடக் கூடிய பாரத்தைத் தசை தாங்க நேரும்போது அந்த நார்களுக்கு அழுத்தம் ஏற்படுகிறது. பின்னர் ஓய்விலும் உறக்கத்திலும், உணவிலிருந்து கிடைக்கும் புரதத்தைக் கொண்டு உடல் அவற்றைச் சீர்செய்து முன்னையதை விட உறுதியாகக் கட்டுகிறது. அடுத்த முறை அதே பாரம் அந்தத் தசைக்கு இலேசாகிவிடும். மேலும் பலமடைய வேண்டுமானால் பாரத்தையும் கூட்ட வேண்டும்.

பழைய கிரேக்கத்தில் மைலோ என்ற மல்யுத்த வீரனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கினானாம். கன்று வளர வளரப் பாரமும் வளர்ந்தது, அவனது பலமும் வளர்ந்தது. கடைசியில் முழு மாட்டையே தூக்கினானாம். கதை கதையாகவே இருக்கட்டும், அதிலுள்ள விதி உண்மையானது. பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். வளைந்த சப்பாத்தின் அடிப்பாகம் முதல் நாளும் நூறாவது நாளும் ஒரே அளவில்தான் ஆடும். சில நாட்களில் உடல் அந்த ஆட்டத்துக்குப் பழகிவிடும். முதல் வாரத்தில் கெண்டைக்கால் நோவது பலம் வருவதன் அடையாளம் என்று பலர் நம்பினார்கள். பழக்கமில்லாத அசைவினாலும் கால் நோகும்.

'எடை குறையும்' என்பதும் அப்படித்தான். உடலில் சேர்ந்த கொழுப்பைக் குறைப்பது மொத்தமாக நாம் உட்கொள்ளும் சக்திக்கும் செலவிடும் சக்திக்கும் இடையிலான கணக்கு. அதே தூரத்தை அதே வேகத்தில் நடக்கும்போது கூடுதல் கலோரி எதுவும் செலவாகவில்லை என்று மேலே சொன்ன ஆய்வே காட்டிவிட்டது.

சட்டத்தின் முன்னால்

அமெரிக்காவில் பொய்யான விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரச நிறுவனம் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு. 2011 செப்டெம்பரில் ரீபொக் நிறுவனம் அந்த ஆணைக்குழுவுடன் ஓர் இணக்கத்துக்கு வந்து, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 25 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. விஞ்ஞான ஆதாரமில்லாமல் தசை பலமடையும் என்றோ, இத்தனை வீதம் இறுகும் என்றோ இனிமேல் சொல்லக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது.

2012 மே மாதத்தில் ஸ்கெச்சர்ஸ் நிறுவனத்தின் முறை வந்தது. ஆணைக்குழுவுக்கு அது செலுத்த உடன்பட்ட தொகை 40 மில்லியன் டொலர். அந்த வழக்கின் விபரங்களில் ஒன்று எனக்கு மிகவும் வியப்பளித்தது. ஷேப்-அப்ஸ் சப்பாத்தை ஒரு மருத்துவர் தனது 'சுயாதீன' ஆய்வின் அடிப்படையில் சிபாரிசு செய்வதாக விளம்பரம் வந்திருந்தது. அவர் முதுகெலும்புச் சிகிச்சை செய்பவர். அந்த ஆய்வுக்கு நிறுவனமே பணம் கொடுத்ததும், அவருடைய மனைவி அதே நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அதிகாரி என்பதும் விளம்பரத்தில் சொல்லப்படவில்லை என்று ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அதே ஆண்டில் நியூ பலன்ஸ் நிறுவனமும் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கில் 2.3 மில்லியன் டொலருக்கு இணங்கியது.

நிறுவனங்கள் தாம் தவறு செய்ததாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் நீதிக்காகச் சொல்ல வேண்டும். நீண்ட வழக்கைத் தவிர்க்கவே உடன்பட்டதாக அவை கூறின. ஆனாலும் ஸ்கெச்சர்ஸ் சப்பாத்து வாங்கிய ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

வியாபாரத்தில் பொருளின் குறையை மறைப்பது நமது மார்க்கத்திலும் மிகக் கடுமையாகக் கண்டிக்கப்பட்ட ஒன்று. சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவத்தை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்த தானியமும் உள்ளே ஈரமும் இருந்த அந்தக் குவியலும், மேலே '28 வீதம்' என்றும் உள்ளே ஐந்து பேரும் இருந்த இந்த விளம்பரமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரமில்லை.

நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் மக்களை ஏமாற்றும் விதமான வியாபார நடத்தைகளைத் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எவரும் முறையிடலாம். ஆனால் முறையிடும் பழக்கம் நம்மிடம் குறைவு. "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் வீட்டு றாக்கையில்

என் உம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. தினமும் அரை மணித்தியாலம் நடக்க வேண்டுமென்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து, சுபஹ் தொழுதுவிட்டுப் பக்கத்து வீட்டு மாமியுடன் ஒழுங்கை முடிவு வரை நடந்து வருவது அவரது வழக்கம். பழைய தட்டைச் சப்பாத்தொன்றைத்தான் அணிவார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் என் சாச்சி விடுமுறைக்கு வந்தபோது, உம்மாவுக்கென்று வளைந்த அடிப்பாகம் கொண்ட சப்பாத்தொன்றைக் கொண்டு வந்தார். எந்த நிறுவனத்தினது என்பது இங்கே தேவையில்லை. 'நடந்தால் சீனியும் குறையும், எடையும் குறையும்' என்று கடையில் சொன்னார்களாம். சாச்சியின் சம்பளத்தில் அது பெரிய தொகை.

முதல் வாரம் உம்மாவின் கெண்டைக்கால் நொந்தது. "நோவுது எண்டா வேல செய்யுது எண்டுதானே அர்த்தம்" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். மூன்றாவது வாரத்தில், கானோரம் கிடந்த சிறு கல்லில் கால் பட்டபோது அந்த ஆடும் அடிப்பாகம் அவரைத் தாங்கவில்லை. கணுக்கால் சுளுக்கி, வீங்கி, இரண்டு மாதங்கள் சரியாக நடக்க முடியாமல் போனது. அதற்கிடையில் சீனியின் அளவும் ஏறிவிட்டது.

கணுக்காலைப் பார்த்த டொக்டர், நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்வு குறையக்கூடும் என்றும், தரையைச் சரியாக உணராத பாதத்துக்கு ஆடும் சப்பாத்து ஆபத்து என்றும் விளக்கினார். இப்படியான அனுபவம் உம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலும் இவ்வகைச் சப்பாத்துடன் விழுந்து காயமடைந்தவர்களின் முறைப்பாடுகள் அரச தரவுத்தளத்தில் பதிவாகின. அவற்றுள் எலும்பு முறிவுகளும் இருந்தன.

சாச்சி இப்போதும் தொலைபேசியில் கேட்பார், "ராத்தா, சப்பாத்து எப்பிடி?" உம்மாவும் ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்கு தங்கச்சி, அல்ஹம்துலில்லாஹ்" என்பார். வெயிலிலும் அடுப்படியிலும் உழைத்த காசில் வந்த அன்பளிப்பை வேறு எப்படிச் சொல்வது? பொய் விளம்பரம் ஒருவரின் பணத்தை மட்டும் எடுப்பதில்லை. அன்பையும் அது தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. உம்மாவின் விடயத்தில், அவர் வழமையாகச் செய்து வந்த உண்மையான மருந்தாகிய நடையையே அது நிறுத்திவிட்டது.

நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நானும் விளம்பரம் போல ஒரு பக்கத்தை மட்டும் காட்டியவளாவேன். வளைந்த அடிப்பாகம் பாதத்தின் முன்பகுதியில் விழும் அழுத்தத்தைக் குறைக்கும். அதனால் சில பாத நோய்களுக்கு, வைத்தியரின் ஆலோசனையோடு, அளவெடுத்துச் செய்யப்படும் விசேட சப்பாத்துகளில் அந்த வடிவம் பயன்படுகிறது. அது ஒரு மருத்துவத் தேவைக்கான கருவி. எல்லோருக்கும் பொதுவான மெலிவு மருந்தல்ல.

அத்தோடு, விலை கொடுத்து வாங்கிய சப்பாத்தை வீணாக்கக் கூடாதென்று நடக்கத் தொடங்கியவர்களும் பலர். அவர்களுக்கு நன்மை கிடைத்திருந்தால் அதைக் கொடுத்தது நடை. புகழ் மட்டும் சப்பாத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

இந்தக் கதையிலிருந்து எந்த விளம்பரத்துக்கும் பொருந்தக்கூடிய ஐந்து கேள்விகளை நான் எடுத்துக்கொண்டேன். வாசிக்கும் சகோதரிகளும் பெற்றோரும் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

1. எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? ஐந்து பேரா, ஐந்நூறு பேரா?

2. எவ்வளவு காலம் சோதித்தார்கள்? சில நிமிடங்களில் அளந்ததை வைத்துப் பல மாதப் பலனைச் சொல்கிறார்களா?

3. உண்மையில் அளந்தது எதை? சொல்லும் பலனையா, அதைப் போலத் தெரியும் வேறொன்றையா?

4. சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்? சிபாரிசு செய்பவருக்கு அதனால் இலாபம் உண்டா?

5. வீதம் சொன்னால், எதிலிருந்து அந்த வீதம்?

இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத பொருளை, எவ்வளவு அழகான முகம் விளம்பரம் செய்தாலும், சற்றுத் தள்ளி வைப்பதே நல்லது.

விலையில்லாத பயிற்சி

அப்படியானால் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வேகமாக நடப்பது அதற்குப் போதும். வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியும் வேண்டும். எங்களைப் போன்ற 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள்.

தசைப் பயிற்சிக்கு இயந்திரமும் வேண்டாம், விசேட சப்பாத்தும் வேண்டாம். கதிரையில் இருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது தொடைக்குப் பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகளை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்குப் பயிற்சி. மாடிப்படி ஏறுவது இரண்டுக்கும் நல்லது. பத்துத் தடவை இலேசாகிவிட்டால் பதினைந்தாக்க வேண்டும். மைலோவின் கன்று வளர்வது அப்படித்தான். மூட்டு வருத்தம், இதய வருத்தம், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. சப்பாத்தைப் பொறுத்தவரை, அளவானதாக, வழுக்காததாக, விரல்களை நெருக்காததாக இருந்தால் அதுவே நல்ல சப்பாத்து.

ஆனால் நமக்கு உண்மையிலேயே குறைவாக இருப்பது இந்த அறிவு அல்ல. நடப்பதற்கு நேரமும் இடமும்தான். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையான மாணவிகளில் 85 வீதத்தினர் தேவையான அளவு உடலுழைப்பில் ஈடுபடவில்லை என உலக சுகாதார நிறுவனம் கணித்தது. ஆண் பிள்ளைகளில் அது 78 வீதம். நம் நிலையை நாமே அறிவோம். தரம் ஆறில் மைதானம் முழுக்க ஓடிய நாங்கள் உயர்தரம் வரும்போது வகுப்பறைக்கும் டியூஷன் வகுப்புக்கும் இடையில் முச்சக்கர வண்டியில் போய் வருகிறோம். தம்பிமார் மாலையில் பந்தடிக்கப் போகும்போது எங்களுக்குப் போக ஓரிடமில்லை. தாய்மாரின் நிலையும் அதுதான். சுபஹுக்குப் பின்னுள்ள அந்த அரை மணித்தியாலமும், கூட வர ஒரு துணை கிடைத்தால் மட்டுமே.

அதனால்தான் 'வீட்டிலும் கடையிலும் நடந்தாலே போதும்' என்று ஒரு சப்பாத்து சொல்லும்போது பெண்கள் அதை நம்புகிறார்கள். அது சோம்பலால் வந்த நம்பிக்கை அல்ல. வேறு வழி தெரியாததால் வந்த நம்பிக்கை.

எனவே பெற்றோரிடமும் எமது கல்லூரிச் சமூகத்திடமும் ஒரு வேண்டுகோளை முன்வைத்து இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன். சுற்றுமதிலோடு கூடிய எமது மைதானம் பாடசாலை விட்ட பின் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் மூன்று நாட்கள், அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம், மாணவிகளும் தாய்மாரும் நடப்பதற்கு அதைத் திறந்து தந்தால் என்ன? பழைய மாணவியர் சங்கமும் பெற்றோரும் சேர்ந்து பொறுப்பெடுத்தால் அதற்குச் செலவு அதிகமில்லை. வாப்பாமார் தங்கள் பெண் பிள்ளைகளை அந்த ஒரு மணித்தியாலம் புத்தகத்திலிருந்து விடுவித்தால், அது பரீட்சைக்கும் நட்டமாகாது.

அங்கே எந்தச் சப்பாத்தோடும் வரலாம். வெறுங்காலோடும் வரலாம்.